பின்னியதெல்லாம் கொடையாகுமா?

கோவையிலிருந்து திருப்பூர் வரை நூலால் வாழும் ஊர்கள். கோவை கணபதியில் சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் என்பது இன்றைக்குப் பலருக்கு ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். நூற்பாலைகளுக்கு வேண்டிய எந்திரங்களை இந்த ஊரிலேயே செய்து கொடுத்த கம்பெனி அது. திருப்பூரின் நிட்டிங் மெஷின்கள் ஒரு ஷிப்டில் போட்டுத் தள்ளும் பனியன் துணியைக் கையால் பின்ன முடியுமா என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை. இப்படிப்பட்ட மண்ணிலும் ஒரு பின்னல் மட்டும் எந்திரத்துக்குப் பிடிபடாமல் இருக்கிறது. அதுதான் குரோஷா. முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்து விட்டுக்கொண்டே போகும் வேலை. ஆய்வுக்கூடங்களில் எந்திரத்துக்கான முயற்சிகள் நடக்கின்றன. சந்தைக்கு வரும் உண்மையான குரோஷாவோ இன்னும் கைவேலைதான். கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், அதற்காக யாரோ ஒருவர் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பது உறுதி.

ஆகவே குரோஷாவில் செய்த பொருளை ஒருவர் பரிசாகவோ தர்மமாகவோ கொடுக்கும்போது நூலோடு தன் வாழ்நாளின் சில மணி நேரத்தையும் கொடுக்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தைச் செலவிட்டார் என்பதாலேயே அது நல்ல கொடை ஆகிவிடுமா? பெறுகிறவர் அதற்குக் கடன்பட்டவரா? அந்த நேரத்தைத் தரும்படி பின்னுகிறவரிடம் கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விகளைப் பின்னுகிறவர்கள் தங்களுக்குள் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். வெளியே சொன்னால் மனசு சின்னது என்று பெயர் வரும் என்பதால் சொல்வதில்லை.

முதலில் உறவுக்குள் நடக்கும் பரிசு. கொங்கு நாட்டில் கொடுக்கல் வாங்கலுக்கு ஒழுங்கான கணக்கு உண்டு. மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் ஏறும். வைத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். சீர் வரிசையில் எது யாருடைய பொறுப்பு என்பதும் ஊரறிந்தது. இந்த முறையை வெறும் வியாபாரம் என்று பழிப்பது சரியல்ல. கல்யாணச் செலவை ஊர் கூடித் தாங்கும் ஏற்பாடு அது; அதன் நேர்மையே கணக்கு வெளிப்படையாக இருப்பதில்தான். கையால் பின்னிய பரிசு இந்த நோட்டில் ஏறாது. வளைகாப்புக்கு வந்த குரோஷா போர்வைக்கு எதிரே எந்தத் தொகையை எழுதுவது? எழுத முடியாததால் அது கணக்குக்கு அப்பாற்பட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் நடப்பதோ வேறு. ஆறு மாதம் கழித்து, "ஏனுங்க, நான் போட்டுக் குடுத்த சொட்டர பாப்பாவுக்குப் போடவே இல்லீங்ளா?" என்ற கேள்வி வருகிறது. கோவை வெயிலில் அந்தக் குழந்தைக்கு வேர்க்குரு வந்திருக்கலாம். தாய் அதைச் சொல்லத் தயங்குகிறாள். எழுதப்படாத கணக்கு எழுதிய கணக்கைவிடக் கனமானது, ஏனென்றால் அதைத் தீர்த்து முடிக்க வழியே இல்லை.

திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடங்கும்போதே இல்லாதவருக்குக் கொடுப்பதையும் திரும்ப வரும் என்று கொடுப்பதையும் பிரித்துவிடுகிறது. திரும்ப வரவேண்டியது பணமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பாராட்டும், கண் எதிரே உடுத்திக் காட்டுவதும்கூட எதிர்பார்ப்புதான். பாராட்டை விரும்புவது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. அதைக் கேட்டு வாங்குவதில்தான் குற்றம். கொடுத்த கணத்தோடு பின்னியவரின் உரிமை முடிகிறது. பெற்றவர் அதை உடுத்தலாம், எடுத்து வைக்கலாம், இன்னும் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுத்தும் விடலாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. "சும்மாதான இருக்கறீங்க, நம்ம புள்ளைக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா" என்று கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் பெண்ணின் நேரத்துக்கு விலை கிடையாது என்ற நம்பிக்கை அவர் வாயில் பேசுகிறது. அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆந்திரத்தின் நரசாப்பூர் சாட்சி. கோதாவரிக் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ் வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் நூலாக வெளியிட்டார். வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னிய பெண்களை ஊரும் வியாபாரிகளும் அரசும் தொழிலாளர் என்று எண்ணவே இல்லை என்பது அவர் கண்டது. அவர்கள் இல்லத்தரசிகள், அது அவர்களின் ஓய்வு நேர வேலை என்றே எல்லோரும் நினைத்தார்கள். இந்த ஒரு எண்ணம் போதும், நாள் முழுதும் பின்னியவருக்குச் சொற்பக் காசு கொடுத்து, ஏற்றுமதி லாபத்தை வேறு கைகள் எடுத்துக்கொள்ள. நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பொருளுக்குப் பெருமை வந்துவிட்டது. பின்னும் விரலுக்கு என்ன வந்தது என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

பரிசு கேட்கிறவரையும் ஏற்றுமதி வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இருவரும் நிற்பது ஒரே எண்ணத்தின் மேல். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அரசு வைத்த நாள் கூலி 336 ரூபாய். ஒரு சால்வை பின்ன ஐந்து முழு நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நூல் விலை சேராமலே 1,680 ரூபாய். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் பக்கத்து வீட்டில் இலவசமாகக் கேட்கமாட்டார்கள். பின்னுகிறவர் "முடியாதுங்க" என்று சொன்னால் அதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. மறுக்க முடிகிறவர் கொடுப்பதுதான் பரிசு.

தர்மத்துக்குப் பின்னுவதற்கு வருவோம். இதில் வரலாறு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அன்றைக்கு ஊசி ஏழையின் கையில் இருந்தது. 1840களில் அயர்லாந்தைப் பஞ்சம் தின்றபோது கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தன. அவர்கள் பின்னிய லேஸைப் பணக்காரச் சீமாட்டிகள் வாங்கினார்கள், குடும்பங்கள் பிழைத்தன. அதற்கும் முன்பே, 1820களில், நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் வேலை பழக்கினார். அது குரோஷா அல்ல, தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலம். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதே வேலையைத் தொடங்கினார். மிஷனரிகளின் மதமாற்ற நோக்கத்தில் ஒருவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், ஒரு பெண் பின்னலை விற்றுத் தன் உடலைத் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டாள் என்பதைவிடப் பெரிய தர்மம் பின்னல் கலையின் வரலாற்றில் இல்லை.

இன்றைக்கு ஊசி வசதியுள்ளவர் கையில், பொருள் ஏழையின் கையில். அன்று நியாயமான விலைதான் அறக்கேள்வி. இன்று அது வேறு: பெறுகிறவரிடம் யாராவது கேட்டார்களா?

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் அன்றைக்கு உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு. பல ஊர்ப் பெண்கள் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்தார்கள். சாதனை முடிந்ததும் பிரித்து ஏழைகளுக்குக் கொடுப்பது என்பது திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மெச்சத்தக்க காரியம். வெளியே தெரியாமல் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே பெரிய லாபம். ஆனாலும் இரண்டு அளவுகோல்கள் இங்கே கலக்கின்றன. சாதனைக்குப் பரப்பு போதும். நடைபாதையில் படுப்பவருக்குக் காற்றுப் புகாத கதகதப்பு வேண்டும், மழையில் நனைந்தால் சீக்கிரம் உலர வேண்டும். கண்ணி பெரிதாக உள்ள குரோஷா பின்னலில் காற்று புகும். எந்தச் சாதனையும் இந்த இரண்டாவது அளவுகோலை அளந்து சொல்வதில்லை.

கேட்காமல் கொடுப்பது எப்படி வழிமாறும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு நல்ல உதாரணம். 2001இல் கடலில் எண்ணெய் கசிந்து 438 பென்குவின்கள் பாதிக்கப்பட்டன. உடம்பில் ஒட்டிய எண்ணெயை அவை அலகால் கோதி விழுங்காமல் இருக்க, கழுவும் வரை கம்பளிச் சட்டை போட்டுவிட்டார்கள். செய்தி பரவியது, உலகம் முழுதும் இருந்து சட்டைகள் வந்து குவிந்தன. தேவைக்கு மேல் வந்தவை பொம்மைப் பென்குவின்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதை விற்ற பணமும் பறவைகளுக்கே உதவியது என்பதால் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அனுப்பியவர்கள் மனத்தில் இருந்தது குளிரில் நடுங்கும் ஒரு பறவை. தேவை எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டென்மார்க்கில் 2013இல் குறைப்பிரசவக் குழந்தைகளுக்காகக் குரோஷாவில் ஆக்டோபஸ் பொம்மை பின்னும் இயக்கம் தொடங்கியது. அதன் கைகள் தொப்புள்கொடியை நினைவூட்டும், குழந்தை குழாய்களைப் பிடித்து இழுக்காது என்பது நம்பிக்கை. மருத்துவச் சான்று இன்னும் மெலிந்ததுதான். தொட்டிலுக்குள் தளர்வான எந்தப் பொருளும் கூடாது என்பது பாதுகாப்பான தூக்கத்துக்கான பொது விதி. மாறாக, பருத்தித் தொப்பிக்கு உண்மையான தேவை இருக்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் காலுறையும்தான் உடை. அந்தத் தொப்பியிலும் கவனிக்க எத்தனையோ இருக்கின்றன. உள்ளே நூல்முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காலுறை என்றால் அந்த நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பொத்தான் கூடாது. கொதிநீரில் துவைத்தாலும் வடிவம் கெடக் கூடாது. நம் கடைகளில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். வியர்வையை உறிஞ்சாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி நூல் கோன் கோனாகக் கிடைக்கும் கோவையில் இருந்துகொண்டு குழந்தைக்கு அக்ரிலிக்கில் பின்னுவதற்கு, நிறம் அழகாக இருக்கிறது என்பதைத் தவிரக் காரணம் இல்லை.

எல்லாம் சரியாக அமைந்த ஒரு கொடையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தை அகற்றிக்கொண்ட பெண்ணுக்குச் செயற்கை மார்பகம் தேவைப்படுகிறது. சிலிக்கோனில் செய்தது விலை அதிகம். கனமானது, வெயிலில் வேர்த்துக் கொட்டும். அமெரிக்காவில் 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற அமைப்பு பருத்தி நூலால் பின்னி, பஞ்சு அடைத்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மும்பையின் 'சாயிஷா இந்தியா' அதே பணியை இங்கே செய்கிறது. தேவைப்படும் பெண் அளவைச் சொல்கிறாள், அந்த அளவில் பின்னுகிறார்கள். பஞ்சைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், துவைத்துக்கொள்ளலாம். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போவாள், கல்யாணத்துக்குப் போவாள். யாருக்கும் தெரியாது, பின்னியவரும் தன் வேலையைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. உடுத்திக் காட்டச் சொல்ல வழியில்லை. கொடுத்தவர் கைக்கு எதுவும் திரும்பி வராத இந்தக் கொடைக்கே முதல் மரியாதை.

இவ்வளவு யோசிப்பதற்குப் பதில் நூல் வாங்கும் பணத்தை அப்படியே நன்கொடையாகக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். பல நேரங்களில் அது சரியான யோசனைதான். ஆனால் அதைச் சொல்கிறவர் கையில் சொந்தப் பணம் இருக்கிறது. மகனிடமோ கணவனிடமோ கேட்டு வாங்கித்தான் எதையும் செலவு செய்யவேண்டிய பெண்கள் கோவை மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு முழுச் சொந்தமாக இருப்பது மத்தியான வேளையின் இரண்டு மணி நேரம். அதிலிருந்து எடுத்து ஒருத்தி கொடுப்பது அவளுடைய கொடை, யாருடைய அனுமதியும் தேவைப்படாதது. பின்னும்போது அவள் மனசு அமைதியாகிறது என்பதும் உண்மை, அதுவும் நல்லதுதான். அந்த அமைதியை அவள் ஏற்கெனவே பெற்றுக்கொண்டாள் என்பதை நினைவில் வைத்தால் போதும், பெறுகிறவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றாது.

தர்மக் கண்காட்சிகளில் பின்னல் பொருள்களை அடிமாட்டு விலைக்கு விற்பதை மட்டும் நிறுத்தவேண்டும். நூறு ரூபாய்க்கு ஒரு பொம்மையை வாங்கிப்போனவர், அதே பொம்மையை ஆர்டர் எடுத்துப் பின்னிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் பெண்ணிடம் போய், "அங்க நூறுதானே" என்று பேரம் பேசுவார். ஒரு ஏழைக்கு உதவ இன்னொரு ஏழையின் கூலியைக் குறைப்பது தர்மக் கணக்கில் சேராது. கூலியும் நூலும் சேர்த்து என்ன விலையோ அதைப் போடுங்கள். விற்காமல் நின்றால் நிற்கட்டும்.

கையில் ஊசி எடுப்பவர்கள் அடுத்த தொப்பியைத் தொடங்குமுன் ஒருமுறை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போய்ச் செவிலியரிடம் கேளுங்கள்: என்ன அளவு, எந்த நூல், எப்படித் துவைப்பீர்கள், எத்தனை வேண்டும்? இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் சரி என்று வந்துவிடுங்கள். பின்னத் தெரியாதவர்கள், தெரிந்தவரிடம் கேட்கும்போது விலையைக் கேட்டுவிட்டு, சொன்ன விலையைக் குறைக்காமல் கொடுங்கள்.