சிறுத்துப்போன எழுத்துகள்

வாப்பா மரணித்து நான்கு வருடங்களின் பின்னர், கடையின் பழைய கணக்குக் கொப்பிகளை ஒழுங்குபடுத்த அமர்ந்தேன். பதினைந்து வருடக் கொப்பிகள். வரிசையாக அடுக்கிப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஆரம்பக் கொப்பிகளில் வரியை நிறைத்து நின்ற அவரது எழுத்து, வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. கடைசிக் கொப்பியில் அதை வாசிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

அந்த எழுத்துக்காக நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். “நான் வாசிக்கக் கூடாதென்டுதானே வாப்பா இப்படி எழுதுறீங்க?” என்று, வேலைக்கு நின்ற பொடியன்மாருக்கு முன்னால் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. முகத்திலும் ஒரு மாற்றமில்லை. அந்த அசையாத முகத்தை நான் அகங்காரம் என்றே எடுத்துக்கொண்டேன். அவரது வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும் வேளைகளில் ஒன்றோடொன்று உருண்டுகொண்டேயிருக்கும். உம்மா அதைப் பார்த்து, “உங்கட வாப்பா எந்த நேரமும் திக்ருலதான்” என்று பெருமைப்படுவார்.

இரண்டு வருடங்கள் கழித்து வைத்தியர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார்: பார்க்கின்சன். சிறுத்த எழுத்து, உறைந்த முகம், விரல் உருட்டல் ஆகிய மூன்றும் அந்நோயின் குறிகள். நாங்களோ முதலாவதைக் கள்ளமென்றும், இரண்டாவதை அகங்காரமென்றும், மூன்றாவதை இபாதத் என்றும் வாசித்திருந்தோம். நோயைக் குணமாக வாசித்த இந்தப் பிழைதான் என்னை இக்கட்டுரை எழுத வைக்கிறது.

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, அவர் விவரித்த நோயாளர்கள் ஆறு பேர் மட்டுமே. அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். அன்று கருவி என்பது கண் ஒன்றே. இன்று பார்வை கலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது.

நடுமூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை ஆக்கும் நரம்புக் கலங்கள் அழிவதே இந்நோயின் அடிப்படை. டோபமின் கலத்துக்குள் சிதைக்கப்படும்போது ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிறது. சுகமான கலம் அதை உடனுக்குடன் அகற்றிவிடும். அகற்ற முடியாமல் தேங்கும்போது கலத்தின் கொழுப்பும் புரதமும் பழுதடைகின்றன. தான் செய்யும் தொழிலே தனக்கு ஆபத்தாகிவிடும் நிலை அந்தக் கலங்களுக்கு.

இத்தகைய தேக்கத்தை அளப்பதற்கே விஞ்ஞானிகள் நனோ உணரிகளை ஆக்குகிறார்கள். மெல்லிய காபன் நாரையோ பிளாற்றினக் கம்பியையோ, முனை ஏறத்தாழ 100 நனோமீற்றர் ஆகும்வரை கூராக்குகிறார்கள். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். அவ்வளவு நுண்ணிய முனை மென்சவ்வைத் துளைத்து உள்ளே சென்றாலும் கலம் சாவதில்லை. சவ்வு முனையைச் சுற்றி மூடிக்கொள்கிறது. உள்ளேயுள்ள மூலக்கூறு முனையில் பட்டு இலத்திரனை இழக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைக் கொண்டு அளவை அறிகிறார்கள். 2012இல் பாரிஸின் கிறிஸ்தியான் அமத்தோரும் நியூயோர்க்கின் மைக்கல் மிர்கினும் தம் குழுவினரோடு எலியின் நோயெதிர்ப்புக் கலங்களுக்குள் பேரொட்சைட்டு முதலியவற்றை இவ்வாறு அளந்தனர். 2015இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் அன்ட்ரூ ஈவிங்கின் குழு, உயிருள்ள கலத்துக்குள் நுண்பையொன்றில் எத்தனை மூலக்கூறுகள் அடங்கியுள்ளன என்றே கணக்கிட்டது.

இவை ஆய்வுகூடத்துக் கருவிகள். தட்டில் வளர்த்த கலங்களில் பயன்படுபவை. தட்டிலுள்ள கலத்துக்கு யாரும் அதன் முடிவைச் சொல்வதில்லை. மனிதனுக்குச் சொல்ல வேண்டும். அங்கேதான் விஞ்ஞானத்தின் கேள்வி அறத்தின் கேள்வியாகிறது. முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரில் இந்நோயோடு தொடர்புடைய பிறழ்ந்த புரதத்தைக் கண்டறியும் சோதனையொன்று, 1,100க்கும் மேற்பட்டவர்களிடம் செய்யப்பட்டு 2023இல் முடிவு வெளியானது. நடுக்கம் தொடங்காத சிலரிடமும் அது புரதத்தைக் காட்டியது. ஆனால் நோயின் போக்கை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. நிறுத்த முடியாத ஒன்றை முன்கூட்டி அறிவது நன்மையா?

ஹன்டிங்டன் நோயின் வரலாறு இதற்கு ஓர் உரைகல். நான்சி வெக்ஸ்லரின் தாயார் அந்நோயால் இறந்தார். பிள்ளைக்கு அது கடத்தப்படும் வாய்ப்புச் சரிபாதி. வெனிசுவேலாவின் மரகாய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடையே வருடக்கணக்கில் ஆராய்ந்து, 1993இல் அந்நோயின் மரபணு கண்டுபிடிக்கப்பட முன்னின்றவர் அவர். அதன் பின் யாரும் சோதித்து அறியலாம் என்றாயிற்று. எனினும் வாய்ப்புள்ளோரில் பெரும்பாலானோர் சோதனைக்குச் செல்லவில்லை. வெக்ஸ்லரும் தன் நிலையைப் பகிரங்கப்படுத்தாமலே இருந்து, 2020இல்தான் தனக்கு நோய் இருப்பதைச் சொன்னார். அறியும் வழியைத் திறந்தவரே, அறிந்ததைச் சொல்லும் நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதைக் கோழைத்தனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாப்பாவின் விடயத்தில் இதைப் பொருத்திப் பார்க்கிறேன். பத்து வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு கலத்தையும் நான் காப்பாற்றியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். அறிவுக்குச் சுகப்படுத்துவது மட்டும் வேலையல்ல. அநியாயம் செய்யாமல் தடுப்பதும் அதன் வேலை.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் கடைச் சாவியை அன்றே வாங்கியிருப்பேன். நல்லபடி வியாபாரம் செய்த அந்த வருடங்களிலும் அவரை நோயாளியாகவே பார்த்திருப்பேன். ஆகவே அந்த அறிவு முதலில் அவருக்குரியது. எனக்கு எப்போது சொல்வது என்பதும் அவருடைய உரிமை. என் நியாயம் அவரது சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. பதினைந்து கொப்பிகளும் என் கண்முன்னேதான் இருந்தன. “கை ஏலாதா வாப்பா?” என்று கேட்க எந்த உணரியும் தேவையில்லை.

உம்மாவின் வாசிப்பு முழுப் பிழையென்றும் சொல்ல மாட்டேன். இந்த நடுக்கம் ஓய்விலிருக்கும் கைக்குரியது. கை ஒரு வேலையில் இறங்கும்போது பெரும்பாலும் தணியும். வாப்பா உண்மையாகவே தஸ்பீஹ் மணியைக் கையிலெடுத்தால் விரல்கள் அமைதியாகிவிடும். அதை நானே கண்டிருக்கிறேன். நோய் அவரது விரல்களில் இருந்தது. ஆனால் அந்த விரல்கள் முழுவதும் நோயாகிவிடவில்லை.

இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. எனினும் எனக்கும் வயது அறுபதை நெருங்குகிறது. சோதனைக்கான வழி அமைந்தாலும் போவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்றை மட்டும் செய்தேன். கடையை இப்போது பார்த்துக்கொள்ளும் மகனை அழைத்து, வாப்பாவின் கொப்பிகளை வருட வரிசையில் காட்டினேன். அன்று நான் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னேன்.