வேதனை எதற்குச் சாட்சி?

வேதனைப்படுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. கோர்ட்டில் செல்லாத இந்த நம்பிக்கை கலை விஷயத்திலும் ஒழுக்க விஷயத்திலும் கேள்வியில்லாமல் செல்லுபடியாகிறது. ஒரு காரியத்துக்காக ஒருவர் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதை வைத்தே அந்தக் காரியத்தின் மதிப்பையும் அவருடைய மதிப்பையும் கணித்துவிடுகிறோம். இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, துன்பத்தைத் தவிர வேறு நோக்கமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒருவரே இடைவிடாமல் செய்து முடிப்பது டிரையத்லான். இதன் நீண்ட வடிவமான அயர்ன்மேன் பந்தயம் 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஒவாஹு தீவில் தொடங்கியது. நீந்துகிறவன், சைக்கிள் ஓட்டுகிறவன், ஓடுகிறவன் இவர்களில் யாருடைய உடல் வலுவானது என்ற சர்ச்சைக்கு ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி கண்ட தீர்வு அது. தீவில் ஏற்கனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்குப் பிடித்த நேரம் 11 மணி 46 நிமிஷம். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு உதவியாகச் சென்றவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. அவருக்கு பீர் கொடுத்தார்கள். அன்றைய உணவு சாஸ்திரம் அவ்வளவுதான்.

நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1982 பிப்ரவரியில், பந்தயம் ஹவாயின் பெரிய தீவில் கோனா என்ற ஊருக்கு மாறியிருந்தது. ஜூலி மாஸ் என்ற 23 வயது மாணவி, தன் கல்லூரிப் படிப்புக்கான ஆய்வுக்காக அதில் கலந்துகொண்டார். பெண்களில் அவர்தான் முன்னால் இருந்தார். முடிவுக் கோட்டை நெருங்கும்போது கால்கள் மடிந்து விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கோட்டுக்குச் சில மீட்டர் தூரம் இருக்கையில் காத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் ஜெயித்தார். மாஸ் தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 வினாடி. அமெரிக்கத் தொலைக்காட்சி இதைக் காட்டியது. அந்த விளையாட்டு உலகமறிந்ததாக ஆனது அதற்குப் பிறகுதான். ஜெயித்தவரின் பெயரைவிடத் தவழ்ந்தவரின் பெயரே நிலைத்தது. உடல் கைவிட்ட பிறகும் மனம் கைவிடவில்லை என்பது அந்தப் படத்துக்கு எல்லோரும் கொடுத்த விளக்கம்.

இந்த விளக்கத்தில் மனம் என்பது உடலுக்கு வெளியே நின்று அதைச் சாட்டையால் அடிக்கும் வண்டிக்காரன். உடற்கூற்றியல் சொல்வது வேறு. ஈரலிலும் தசைகளிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை சுமார் 400லிருந்து 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 2000 கலோரி. அயர்ன்மேன் பந்தயத்துக்கு ஆகும் செலவு இதைப்போலப் பல மடங்கு. கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது; ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பாக்கியை வழியிலேயே தின்று சரிக்கட்ட வேண்டும். அங்கேயும் ஒரு தடை. குடல் குளுகோஸை மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் ரத்தத்துக்குள் விடாது. பழச்சர்க்கரைக்குத் தனி வாசல் இருப்பதால், இரண்டையும் கலந்து சாப்பிட்டால் 90 கிராம் வரை போகலாம். அதற்கும் வயிற்றை வாரக்கணக்கில் பழக்க வேண்டும். ஓட்டத்தின்போது ரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் வயிறு எதையும் ஏற்காமல் திருப்பியனுப்பும். எனவே சைக்கிளில் இருக்கும்போதே, பசி தோன்றுவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்துத் தின்ன வேண்டும். பசித்துப் புசி என்ற பழமொழி இங்கே செல்லாது.

சேமிப்பு, செலவு, பாக்கி என்ற இந்த உவமை வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு உடனே பிடித்துப்போகும். பிடித்துப்போவதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும். வங்கியில் கணக்கு வேறு, கணக்கைப் பார்க்கிறவன் வேறு. இங்கே அப்படி இல்லை. மூளையும் அதே சர்க்கரையில்தான் ஓடுகிறது. இருப்பு தீரும்போது கால் மட்டும் தளர்வதில்லை. தீர்மானம், கவனம், நம்பிக்கை எல்லாம் கூடவே தளர்கின்றன. வண்டிக்காரனும் மாட்டின் தீவனத்தைத்தான் தின்கிறான். மனோதிடம் என்று நாம் கும்பிடுவது மணிக்கு 60 கிராம் சர்க்கரையையும் நம்பி நிற்கிறது என்பது மனிதனைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. திடத்தை எங்கே தேடுவது என்பதைத்தான் அது மாற்றுகிறது.

எங்கே தேடுவது? மார்க் ஆலனைப் பார்க்கலாம். ஹவாயில் ஆறு முறை முயன்று ஜெயிக்க முடியாமல் போன பிறகு, 1989இல் டேவ் ஸ்காட்டை 58 வினாடியில் தோற்கடித்தார். அதிலிருந்து 1995க்குள் மொத்தம் ஆறு முறை ஜெயித்தார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாக ஓடுவது. 180இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை இதயத் துடிப்பு தாண்டக்கூடாது என்பது அவருக்கு வழிகாட்டிய பிலிப் மாஃபெடோனின் விதி. மேட்டில் துடிப்பு ஏறினால் உலகத்தரமான ஓட்டக்காரரும் வேகத்தைக் குறைத்து, வேண்டுமானால் நடக்கவே வேண்டும். தெருவில் போகிற எவரும் அவரைத் தாண்டிப் போகலாம். பலத்தைக் காட்டாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு வேண்டிய மனம் எளிதானதல்ல. ஆனால் அதைப் படம் பிடிக்க முடியாது. யாரும் தவழவில்லை.

இந்த இடத்தில் கட்டுரை முடிந்துவிட்டால், ஒழுங்கான பயிற்சி முறைக்கும் அட்டவணைக்கும் பஜனை பாடியதாக ஆகிவிடும். அட்டவணைகளும் ஆளைக் கொன்றிருக்கின்றன. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த அளவு குடி என்பது நெடுநாள் வேதவாக்காக இருந்தது. நீண்ட பந்தயங்களில் மயங்கி விழுந்த சிலருக்கு வந்தது நீர்க்குறைவு அல்ல, நீர் மிகுதி என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும் 1985இல் எழுதினார்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்குகிறது. 2002இல் பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடி என்று பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். ஆக, பசி விஷயத்தில் உடல் காலந்தாழ்த்திச் சொல்கிறது. விதி முந்திக்கொள்வது நல்லது. தாக விஷயத்தில் உடல் சொல்வதே சரி, விதி அத்துமீறியது. உடலின் குரலா, சாஸ்திரத்தின் குரலா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அனுபவமா, கோட்பாடா என்று கட்சி கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நம்பித் தேவைக்குக் குறைவாகவே தின்கிற வீரர்கள் உண்டு. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது. எலும்பு நலிந்து விரிசல் விடுகிறது. ஆண்களும் தப்புவதில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ஒரு தனிப் பெயரே வைத்தது. இவர்களுக்குச் சகிப்புத்தன்மை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சகிக்கத் தெரிந்ததுதான் அவர்களைக் கெடுத்தது. அப்படியானால் வேதனையைத் தாங்குவது தன்னளவில் ஒரு நற்குணம் அல்ல. நற்குணத்துக்கும் மூடத்தனத்துக்கும் அது ஒரே மாதிரி உழைக்கிறது.

பாலா நியூபி-ஃபிரேசரின் 1995ஆம் வருஷப் பந்தயம் இதற்கு எதிர்ப்புறத்தைக் காட்டுகிறது. ஏழு முறை ஹவாயில் ஜெயித்தவர். அன்று முன்னணியில் இருந்தவர், பின்னால் வருகிறவர் நெருங்குகிற அவசரத்தில், கடைசிக் கட்டத்தில் தண்ணீரும் ஆகாரமும் கொடுக்கும் இடங்களில் வாங்காமல் ஓடினார். முடிவுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது உடல் நின்றுவிட்டது. கேரன் ஸ்மையர்ஸ் கடந்துபோனார். நியூபி-ஃபிரேசர் தவழவில்லை. ரோட்டிலேயே இருந்தார், சுமார் 20 நிமிஷம். தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து நடந்துபோய் நான்காவதாக முடித்தார். அடுத்த வருஷம் எட்டாவது முறையாக ஜெயித்தார்.

தவழ்ந்தவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஜூலி மாஸ் அன்று கோட்டைத் தொட்டதற்கு மதிப்பு உண்டு. தொடங்கியதை முடித்தார் என்பதுதான் அந்த மதிப்பு. 20 நிமிஷம் இருந்துவிட்டு நடந்துபோனவரும் முடித்தார். இருவருக்கும் பொதுவானதை விட்டுவிட்டு, வித்தியாசமாக இருக்கும் வேதனையை எடுத்து வைத்துக்கொண்டு அதைக் கும்பிடுகிறோம். வேதனை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஓர் எல்லை வந்துவிட்டது. அந்த எல்லைக்கு ஏன் வந்தாய், வந்தது தகுமா என்பதை அது சொல்லாது.

ஓட்டப்பாதையில் ஏறக்குறைய மைலுக்கு ஒரு பந்தி போட்டுத் தண்ணீர், வாழைப்பழம், குளிர்பானம் எல்லாம் நீட்டிக்கொண்டு நிற்கும் சாதாரண மனிதர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. அந்தக் கைகள் இல்லாவிட்டால் இந்தப் பந்தயமே இல்லை. இவர்களைப் பார்க்கும்போதுதான் நம் சங்கதி உறைக்கிறது. இலக்கியத்தில் நாம் பந்தி போடுவதில்லை. விழுந்த பிறகு கைதட்டுகிறோம். பட்டினி கிடந்தான், குடித்து அழிந்தான், ஆகவே உண்மையாக எழுதினான் என்கிறோம். அந்த ‘ஆகவே’க்கு எந்த நியாயமும் கிடையாது. நன்றாக எழுதியவர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். மோசமாக எழுதியவர்களும் அதே அளவு பட்டினி கிடந்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் சிரமத்தை வேதனை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு வேளைச் சோறு போடாத குற்றத்தையும் அது துடைத்துவிடுகிறது; அவனுடைய பசி அவனுடைய மேன்மைக்கு அவசியமாக இருந்தது என்று ஆகிவிடுகிறது அல்லவா?

எழுதுகிறவனும் இதை நம்பிவிடுவதுதான் கடைசி ஆபத்து. நீட்டிய கையைத் தட்டிவிட்டு ஓடுவதைத் தீவிரம் என்று எடுத்துக்கொள்கிறான். 42 கிலோமீட்டர் பாக்கியிருக்கும்போது சைக்கிளில் உட்கார்ந்தபடி, பசியில்லாமல், ருசியில்லாமல், ஒரு வாய் தின்று விழுங்குகிறவனிடம் தீவிரம் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. இருட்டிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கப்போகிறவன் அவன்தான்.