ட்ரிப் சுவிட்ச் விழுவதும் களா கத்ரும்

சுடுநீர்த் தொட்டியோ ஹீட்டரோ பொருத்திய வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், எங்கோ மின் ஒழுக்கு இருக்கிறதென்றே முதலில் கொள்ள வேண்டும். நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் ஓர் உலோகக் குழாய்க்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. உப்புப் படிந்து அரித்து, அந்தக் குழாயில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். கறண்ட் நீருக்குள் வரும். இலங்கை வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கினால் உடலூடாக 230 மில்லிஅம்பியர் பாயலாம். உயிரைப் பறிக்க அது தாராளம். வீடுகளில் உயிர்காப்புக்காகப் பொருத்தும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் ஒழுகுவதற்குள்ளேயே இணைப்பைத் துண்டித்துவிடும். கிழக்கிலங்கையின் நாவிதன்வெளி, கல்முனைப் பக்கத்தில் இப்படியான மின் ஒழுக்கு கிணற்று மோட்டரிலும் ஷவர் ஹீட்டரிலும் வரக்கூடியது.

சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரடியாக வயரைக் கொடுப்பவர்கள் உண்டு. பிறகு குளித்தவர் கறண்ட் அடித்து மவுத்தானால், எழுதப்பட்டது அவ்வளவுதான் என்று ஆறுதல் சொல்லப்படுகிறது. இழந்தவர்களுக்கு அந்த ஆறுதல் தேவைதான். ஆனால் வயரைக் கொடுத்தவரின் பொறுப்பை அது நீக்குமா?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கலீஃபா உமர் (ரலி) ஸர்க் என்ற இடத்திலிருந்து தம்முடன் வந்தவர்களோடு திரும்ப முடிவுசெய்தார். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் பதிலளித்தார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. ஆபத்தைத் தவிர்ப்பதும் கத்ர் என்னும் இறைவிதிக்குள் அடக்கம் என்பதே இதன் சாரம்.

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’ நூலின், தவக்குல் எனும் இறைச்சார்பு பற்றிய பகுதியில் இன்னும் நெருங்கி வருகிறார். வெள்ளம் பாயும் பள்ளத்திலும், சாய்ந்த சுவரின் கீழும், உடைந்த கூரையின் கீழும் படுத்துறங்குவது தவக்குலில் சேராது. அது விலக்கப்பட்ட செயல் என்பது அவர் தீர்ப்பு. சாய்ந்த சுவரைப் பற்றி ஃபிக்ஹுச் சட்ட நூல்களும் பேசுகின்றன. பாதைப்பக்கம் சாய்ந்த சுவரை இடிக்கும்படி சாட்சிகளை வைத்துச் சொல்லியும், அவகாசம் இருந்தும் உரிமையாளர் இடிக்காமல் விட்டு, அது விழுந்து ஒருவர் இறந்தால் நட்டஈட்டுப் பொறுப்பு உண்டு என்பது ஹனஃபி மத்ஹபினரின் சட்டம். இலங்கை முஸ்லிம்களிடையே பரவலான ஷாஃபிஈ மத்ஹபில், நேராகக் கட்டிய சுவர் பின்னால் சாய்ந்து விழுந்தால் பொறுப்பு வருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் காவலாக நின்ற சுவிட்சைக் கையாலேயே விலக்கியவரின் நிலை, சும்மா இருந்த சுவர்க்காரரின் நிலையைவிடப் பாரதூரமானது. ஹனஃபிகள் கேட்ட அறிவிப்பை அந்தச் சுவிட்ச் விழுந்து விழுந்து பலமுறை கொடுத்துவிட்டது.

என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது நடந்து முடியும்வரை எவருக்கும் தெரியாது. எச்சரிக்கையோ நடக்குமுன்பே கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாததைக் காட்டித் தெரிந்ததைத் தட்டிக்கழிப்பதற்கு ஈமான் இடம் தரவில்லை. அதோடு அந்தத் தண்ணீரில் குளிப்பது பிள்ளையும் மனைவியும் வாடகைக் குடும்பமும். அவர்களுடைய உயிரை வைத்து ஒருவர் தவக்குல் செய்ய முடியாது. நாவிதன்வெளியின் இந்து மக்களிடமும் இதே கேள்வி உண்டு. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது.

பழுதைத் தேடும் முறை எளியது. மெயின் சுவிட்சை நிறுத்தி, எல்லாப் பிளக்குகளையும் கழற்ற வேண்டும். பிளக்கின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, நியூட்ரல் வயர் வழியாகவும் ஒழுகலாம். பிறகு மெயினைப் போட்டு ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பொருட்களை ஒவ்வொன்றாக இணைத்தால், எதில் விழுகிறதோ அதில் பழுது. எல்லாம் கழற்றியும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில், அல்லது நேராக வயரில் பொருத்திய ஹீட்டரில். அதையும் எர்த்தையும் தகுதியுள்ள இலக்ரீசியனே சோதிக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரடியாக வயர் கொடுத்திருக்கும் வீட்டார், அது சரியாகும்வரை அந்த ஹீட்டரைப் போடாதிருக்கட்டும்.