பையைப் பிடிச்சுக்கறது யாரு?

ஒரு சின்னக் கணக்கு. அப்பா, அம்மா, இரண்டு வயசுக் குழந்தை. மூணு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பி தீம் பார்க் போகிறார்கள். ரோலர் கோஸ்டரில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம்?

'இரண்டு' என்று சொன்னீர்களானால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். சரியான விடை, ஒண்ணு. குழந்தையை ஏற்ற மாட்டார்கள். தனியாகவும் விட முடியாது. ஆகவே பெரியவர்களில் ஒருத்தர் கீழே நின்றாக வேண்டும். இடுப்பில் குழந்தை, தோளில் டயப்பர் பை, கையில் பால் பாட்டில்... போதாததற்கு, மேலே ஏறினவருடைய செருப்பு, மூக்குக் கண்ணாடி, செல்போன், பர்ஸ். நடமாடும் ஸ்டாண்டு!

அந்த ஒருத்தர் யார்? நான் கேட்க வருவது இதைத்தான். சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் நியாய அநியாயம் பூராவும் அந்தப் பைக்குள் இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இது உள்ளூர்க் கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட் பல வருஷமாக இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது. தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் அந்தரத்தில் தொங்க, மனுஷனைத் தலைகீழாகப் புரட்டி எடுக்கிற ரோலர் கோஸ்டரெல்லாம் அங்கே உண்டு. சனி, ஞாயிறானால் மாமல்லபுரம், இல்லாவிட்டால் தீம் பார்க் என்று கார்கள் வரிசை கட்டுகின்றன. பாதிக் காரில் பின்சீட்டில் ஒரு குட்டிப் பாப்பா தூங்கிக்கொண்டு வருகிறது.

இந்த மாதிரி ரைடுகளின் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். அந்தக் கோட்டைத் தொடாத குழந்தைக்கு அனுமதி இல்லை. சில அப்பாக்கள், 'குதிகாலைத் தூக்குடா கண்ணா' என்று பிள்ளைக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். வேண்டாம் ஸார். அந்தக் கோடு அதிகாரத்துக்காகப் போட்டதில்லை. இடுப்பையும் தோளையும் அழுத்திப் பிடிக்கிற அந்தக் கம்பி, ஓர் அளவுக்கு மேல் வளர்ந்த உடம்பை மனதில் வைத்துச் செய்தது. சின்ன உடம்பு அதன் அடியில் நழுவிவிடும். வாசலில் நிற்கிற பையன் 'முடியாது' என்று சொன்னால், அவன் உங்கள் குழந்தையின் பக்கம் நின்று பேசுகிறான்.

சரி, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயசுக் குழந்தையின் நடுத்தர உயரம் 86, 87 சென்டிமீட்டர். அமெரிக்காவில் டிஸ்னிலேண்டில் மேட்டர்ஹார்ன் என்று ஒரு பழைய ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 1959ல் வந்தது. அதில் ஏற 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் வேண்டும். அந்த உயரம் வருவதற்குள் குழந்தைக்கு நாலரை வயசு தாண்டிவிடும். நம் குழந்தைகளில் பலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும்.

டிஸ்னிலேண்ட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வால்ட் டிஸ்னிக்கு அந்த யோசனை எங்கே வந்தது தெரியுமா? ஒரு பெஞ்சில்! லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் என்ற பூங்காவுக்குத் தன் இரண்டு பெண்களையும் அழைத்துப் போவாராம். பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். 'பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சந்தோஷப்படுகிற மாதிரி ஓர் இடம் இருந்தால் என்ன?' என்று அப்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தது.

ஆக, தீம் பார்க் என்பதே பெஞ்சில் உட்கார்ந்து போரடித்த ஒரு அப்பாவின் கண்டுபிடிப்பு. வேடிக்கை என்னவென்றால், ரைடுகள் பெரிசாகப் பெரிசாக, வேகம் கூடக் கூட, அந்த பெஞ்ச் திரும்ப வந்துவிட்டது. ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்குப் பிள்ளைகள் சுற்ற, அப்பா காத்திருந்தார். இன்றைக்கு அப்பா சுற்றுகிறார். அம்மா காத்திருக்கிறார்.

'அதெப்படி அம்மாதான் என்று சொல்கிறீர்கள்?' என்று கோபிக்காதீர்கள். அடுத்த தடவை போகும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள். ரைடு வாசலில், நிழல் தேடிக் குழந்தையோடு நிற்கிறவர்களில் எத்தனை சுடிதார், எத்தனை ஜீன்ஸ் அப்பா என்று. மத்திய அரசு 2024ல் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையைச் செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 137 நிமிஷம். ஆண்கள், 75 நிமிஷம். இதில் அந்த வேலையைத் தொடவே தொடாதவர்கள் சேர்த்தி இல்லை. தீம் பார்க்குக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் இந்தக் கணக்கு வாசலிலேயே நின்றுவிடுமா என்ன? அதுவும் கூடவேதான் வருகிறது. டிக்கெட் கிடையாது, அவ்வளவுதான்.

இதில் அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அவர் கேட்கத்தான் செய்கிறார். 'நீ போறியா?' அவர் சொல்கிறார், 'வேண்டாங்க, எனக்குத் தலை சுத்தும். நீங்க போங்க.' விஷயம் முடிந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் காலேஜ் டூரில் இதே பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தவர் என்பது இரண்டு பேருக்குமே மறந்து போயிருக்கும்.

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் இரட்டைப் பதிவுதான் ஞாபகம் வரும். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. அப்பாவின் மூணு நிமிஷ சந்தோஷம் வரவு. அதற்காக வரிசையில் நின்ற நாற்பது நிமிஷமும் சேர்த்து, வெயிலில் குழந்தையோடு நின்ற அம்மாவின் நேரம் பற்று. இதில் தப்பே இல்லை. அடுத்த ரைடில் பக்கம் மாறினால் கணக்கு நேராகிவிடும். மாறாமல் எப்போதும் ஒரே ஆள் பேரிலேயே பற்று எழுதிக்கொண்டு போனால்?

'அதுக்குப் பேர் தியாகம் ஸார்' என்பீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

தியாகம் என்றால் கொடுத்ததை மறந்துவிட வேண்டும். கணக்குப் பாஷையில் சொன்னால், தள்ளுபடி செய்துவிட வேண்டும். நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? தள்ளுபடி ஆகாமல் 'வர வேண்டிய பாக்கி' என்ற தலைப்பில் வருஷா வருஷம் முன்கொணரப்படுகிறது. வட்டியும் ஏறுகிறது. யாரிடம் வசூல் தெரியுமா? கணவரிடம் கேட்க முடியாது. அவர்தான் அப்போதே 'போறியா' என்று கேட்டுவிட்டாரே! பில், பிள்ளைக்குப் போகிறது. அதற்கு இருபது வயசு ஆனதும், படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஏதாவது ஒன்றில் தன் இஷ்டத்தைச் சொல்கிற நாளில், 'உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன்னு தெரியுமா?' என்று ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. பாவம், அந்தப் பிள்ளை கையெழுத்துப் போடாத கடன் அது. இரண்டு வயசில் இடுப்பில் உட்கார்ந்திருந்தபோது யாரோ அதன் பேரில் எழுதிவிட்டார்கள்.

எனவே பெரியவர்கள் இரண்டு பேரும் தங்கள் சந்தோஷத்தைக் கொஞ்சமாவது எடுத்துக்கொள்வது சுயநலம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைக் கடனில்லாமல் வளர்க்க அது ஒரு வழி.

'குழந்தைக்காகத்தான் போறோம்' என்கிற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். மூணு, மூணரை வயசுக்கு முன்னால் நடந்த சம்பவங்கள் வளர்ந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை என்கிறார்கள் மனவியல்காரர்கள். உங்கள் முதல் ஞாபகம் எது என்று யோசித்துப் பாருங்கள், தெரியும். அதற்காகக் குழந்தைக்கு அந்த நாள் வீண் என்று ஆகாது. அந்த நேரத்துச் சிரிப்பு நிஜமான சிரிப்புதான். ஆனால் அதற்குப் பெரிய பூங்காவும் ராட்சத யந்திரமும் தேவையில்லை. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் பாருங்கள். குழந்தைகள் சறுக்கிச் சறுக்கியே பாறை வழவழத்துக் கிடக்கிறது. அப்பா மடியில் உட்கார்ந்து ஒரு தரம், அம்மா மடியில் ஒரு தரம். குட்டிப் பாப்பாவுக்கு அதுவே ரோலர் கோஸ்டர். ஆகவே தீம் பார்க் போவது நமக்காகவும்தான் என்று ஒத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒத்துக்கொண்டால்தான், 'நமக்காக' என்பதில் இரண்டு பேருமே இருக்கிறார்களா என்று கேட்க முடியும்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். டிஸ்னி பூங்காக்களில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று பேர். யுனிவர்சலில் 'சைல்ட் ஸ்வாப்'. குழந்தையோடு வருகிறவர்கள் வாசலில் சொல்லிவிட வேண்டும். ஒருத்தர் ஏறுவார், இன்னொருத்தர் குழந்தையோடு காத்திருப்பார். முதலாமவர் இறங்கி வந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ள, இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். புது யந்திரம், புது டெக்னாலஜி எதுவும் இல்லை. 'காத்திருக்கிறவரும் டிக்கெட் வாங்கினவர்தான்' என்று யாரோ ஒருத்தர் யோசித்திருக்கிறார். நீங்கள் போகிற இடத்தில் இப்படி உண்டா என்று வாசலில் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. நாலு ரைடு ஏறுவதற்குப் பதில் ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் போயிற்று.

'பாட்டிகிட்ட விட்டுட்டுப் போனா ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறலாமே?' நல்ல யோசனை. தாராளமாகச் செய்யலாம், பாட்டிக்கு இஷ்டம் இருந்தால். அவர் ஏற்கெனவே ஒரு முப்பது வருஷம் பை பிடித்து நின்றவர் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். அவரையும் ஒரு தரம் கேட்கலாம், 'அத்தை, நீங்க வரீங்களா?' என்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிஜமாகவே பயப்படுகிறவர்கள், நிஜமாகவே தலை சுற்றுகிறவர்கள் உண்டு. ஆணிலும் உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அவர்களைச் 'சமத்துவம்' என்று பிடித்து இழுத்து ஏற்றுவது அராஜகம். நியாயம் என்பது சரிபாதி ரைடு எண்ணுவதில் இல்லை. கேட்கிற விதத்தில் இருக்கிறது. ஒரு காலை ஏற்கெனவே வரிசையில் வைத்துக்கொண்டு, 'நீ போறியா?' என்று கேட்பது ஒரு விதம். பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு கேட்பது இன்னொரு விதம். இரண்டிலும் வார்த்தை ஒன்றுதான். பதில் வேறாக இருக்கும். அப்போதும் 'வேண்டாம்' என்றால் அது நிஜமான வேண்டாம்.

பெஞ்சில் உட்காருவது தண்டனையும் இல்லை. ஒரு நிழலான இடத்தில், அரை மணி நேரம், குழந்தையும் நீங்களும் மட்டும். வேறு வேலை இல்லை. பல அப்பாக்களுக்கு வாரத்தில் வேறெப்போதும் இது கிடைப்பதில்லை. மேலே ரயில் வளைந்து போகும்போதெல்லாம், 'அதோ அம்மா!' என்று காட்டினால் பாப்பா கையாட்டும். எந்த ரயிலில் அம்மா இருக்கிறாள் என்று அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எல்லா ரயிலுக்கும் கையாட்டும்! அம்மா இறங்கி, கலைந்த தலையோடு, மூச்சு வாங்க, பத்து வயசுப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு வருவதைக் குழந்தை பார்க்கும். பின்னால் அதற்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். உங்களுக்கு இருக்குமே. சேர்ந்து சந்தோஷப்படுவது என்றால் ஒரே சீட்டில் உட்கார்ந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

மாமல்லபுரம் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே குரங்குக் குடும்பச் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. தேடிப் பாருங்கள். பல்லவர் காலத்து வேலை. அம்மாக் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அப்பாக் குரங்கு அதன் பின்னால் உட்கார்ந்து அம்மாவுக்குப் பேன் பார்க்கிறது. அதனால் பால் கொடுக்க முடியாது. சரி, நம்மால் ஆனது இது என்று, கை கட்டிப்போட்டிருக்கிறவளுடைய தலையைக் கவனித்துக்கொள்கிறது. சுமார் 1,300 வருஷமாக!

வள்ளுவர்கூட இல்லறத்தைச் சொல்ல வந்தபோது வாழ்க்கைத் துணைக்கு ஓர் அதிகாரத்தை முதலில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கான அதிகாரத்தை அதற்கு அடுத்ததாகத்தான் வைத்தார். பிள்ளை வந்ததும் நாம் வரிசையை மாற்றிவிடுகிறோம். துணையாக இருந்தவர் 'பாப்பாவோட அம்மா' ஆகிவிடுகிறார். பிறகு, பையைப் பிடிக்கிறவர் ஆகிவிடுகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறீர்களா? ரைடு வாசலில் அவர், 'நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்' என்று வழக்கம்போல ஆரம்பிப்பார். முடிக்க விடாதீர்கள். முதலில் அந்தப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: 'முதல்ல நீ போயிட்டு வா. கண்ணாடியைக் கழட்டி என்கிட்ட குடு.'