பார்த்தவர் யாருக்குக் கடன்பட்டவர்?

ஒரு நிறுவனத்தில் வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் பெரும்பாலும் விதி நூலைப் புரட்டுவர், மேலாளரை வினவுவர், வினாத்தாள் ஒன்றை அச்சிட்டு வழங்குவர். பாடக் குறிப்பேட்டில் எழுதப்பட்டதும் வகுப்பறையில் நடந்தேறுவதும் ஒன்றல்ல என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். பிற தொழில்களும் இதற்கு விலக்கல்ல.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலறிஞர் 1915க்கும் 1918க்கும் இடையே திரோபிரியாந்துத் தீவுகளில் கூடாரமிட்டு வாழ்ந்து, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் வாழ்வை எழுதினார். உடன் வாழ்ந்து காணும் அம்முறை பின்னாளில் அலுவலகங்களுக்குள்ளும் புகுந்தது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று திகைத்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1987இல் நூலாக வெளியிட்டார். அதே நிலையத்தைச் சேர்ந்த ஜூலியன் ஓர், அவ்வியந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் ஊர் ஊராகச் சென்றார். அவர்களுடன் அமர்ந்து உண்டார். அவரும் முன்பு அத்தகைய தொழிலைச் செய்தவரே. அவருடைய நூல் 1996இல் வெளிவந்தது.

அவர் கண்டது யாது? நிறுவனம் தந்த கையேடு, இன்ன பழுதுக்கு இன்ன செயல் என்று படிப்படியாக வகுத்திருந்தது. இயந்திரமோ கையேட்டுக்கு அடங்கவில்லை. பழுதின் காரணம் புலப்படாதபோது தொழிலாளர் இருவர் ஒருவருக்கொருவர் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டனர். முன்பு வேறோர் இடத்தில் நேர்ந்த கோளாறு, அதனைத் தீர்த்த விதம் எனக் கதை கதையைத் தூண்ட, விடை மெல்ல வெளிப்பட்டது. உணவு மேசையில் நிகழ்ந்த பேச்சும் தொழிலறிவைப் பரிமாறும் பள்ளியாகவே விளங்கிற்று.

இங்கேதான் அறத்தின் சிக்கல் எழுகின்றது. "தொழிலாளர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்" என்னும் ஒரே செய்தியை ஒருவர் திறமை என்று படிப்பார். மற்றொருவர் சோம்பல் என்று படித்து ஆட்குறைப்புக்குக் கணக்குப் போடுவார். ஆய்வாளருக்கு ஊதியம் தருபவர் நிறுவனத்தார். மனத்தைத் திறந்து காட்டியவரோ தொழிலாளி. மறைந்திருந்த வேலையை வெளிக்கொணர்வது உழைப்பவருக்கு மதிப்பைத் தரலாம், அவரை அடக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதைச் சச்மனே 1995இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்.

இசைவு பெற்றால் போதாதா என்பர் சிலர். முதலாளி அழைத்து வந்த ஒருவரைத் தொழிலாளி எவ்வாறு மறுப்பார்? பெயரை மாற்றி எழுதலாம் என்பதும் அரைகுறை மருந்தே; ஐவர் பணியாற்றும் அலுவலகத்தில் மாற்றுப் பெயர் யாரை மறைக்கும்? எழுதியதை முதலில் பார்க்கப்பட்டவரிடமே காட்டித் திருத்தம் கேட்பது இவற்றினும் நேர்மையான வழி. ஆனால், விதியை மீறிய குறுக்கு வழி பிறர் உயிருக்குத் தீங்கு தருமாயின், அவர் வேண்டிக்கொண்டார் என்பதற்காக வாய்மூடி இருத்தல் தகாது. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று.

பெயரை மறைப்பதே எப்போதும் கருணை என்றும் கொள்ளுதற்கில்லை. 1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தில், பழுதுபார்ப்போரின் அனுபவக் குறிப்புகளைத் திரட்டும் யுரேக்கா என்னும் கணினி ஏற்பாடு உருவாயிற்று. தொழிலாளர் எழுதிய குறிப்புகளைச் சக தொழிலாளரே சரிபார்த்தனர். ஒவ்வொரு குறிப்பும் எழுதியவரின் சொந்தப் பெயரோடுதான் பிறருக்குச் சென்றது.