யாருடைய முழங்கால்?

ஏறத்தாழ 7,000 மைலுக்கு அப்பால் ஒரு காற்பந்து ஆட்டக்காரருக்கு முழங்காலில் அடிபட்டால், இங்கே மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் நாணயமாற்றுக் கடையிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்குச் சோறு இறங்குவதில்லை. இதை வீண் கவலை என்று ஒதுக்கும் பெரியவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். முன்பின் அறியாத ஒருவரின் வலியை நினைத்து மனம் இளகுவது நல்ல குணந்தான். ஆனால், இளகியது எதற்காக என்பதைச் சிறிது ஆராய வேண்டியிருக்கிறது. எந்தக் காரியத்திலும் நிய்யத்தைப் பார்க்கச் சொல்லித்தானே மதரஸாவில் நமக்கு முதற்பாடம் ஓதிக்கொடுத்தார்கள்?

2020ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, சனிக்கிழமை. லிவர்பூல் அணியும் எவர்ட்டன் அணியும் மோதின. நமக்கு அது மஃரிபுக்குப் பிந்திய நேரம். ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே, லிவர்பூலின் தற்காப்புக்குத் தூணாக நின்ற வெர்ஜில் வான் டைக்மீது எதிரணியின் கோல்காவலர் வந்து மோதினார். முழங்காலுக்குள் எலும்பை நிலைபெயராமல் பிடித்துவைத்திருக்கும் தசைநார் சேதமடைந்தது. ரணசிகிச்சை நடந்தது. இம்மாதிரிக் காயத்துக்குப்பின் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. முந்திய பருவத்தில் லீக் வாகையைச் சூடிய அணி, மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

ரசிகர்களின் விசனத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லையே! அந்தக் கோல்காவலருக்கு மிரட்டல்கள் வந்தன. போலீசார் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஒருவரின் காலுக்காக இரங்கிய நெஞ்சு, மற்றொருவரை அடிக்கக் கை ஓங்குகிறது. இது என்ன இரக்கம்? கடையில் கண்ணாடி அலமாரி உடைந்தால் உடைத்தவன்மேல் பாய்கிறோமே, அந்தக் கோபந்தான் இது. அலமாரிக்காக யாரும் இரங்குவதில்லை. நஷ்டத்தை எண்ணியே கொதிக்கிறார்கள். மிரட்டியவர்களுக்கு வான் டைக் ஒரு மனிதராகத் தெரியவில்லை, போட்ட முதலாகத் தெரிந்தார்.

பழைய ரசிகர்கள் பிரேசில் நாட்டு ரொனால்டோவை மறந்திருக்கமாட்டார்கள். 1999 நவம்பரில் இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக ஆடும்போது அவர் முழங்காலில் காயம் பட்டது, சிகிச்சை நடந்தது. எங்கும் ஒரே கேள்வி: எப்போது வருவார்? 2000 ஏப்ரல் 12ஆம் தேதி வந்தார். ரோமாபுரியில் லாஸியோ அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிஷங்களே ஆடியிருப்பார். பந்தோடு முன்னேறியவர், காலைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தார். முழங்காற் சில்லைக் கீழெலும்போடு கட்டியிருக்கும் நார் அறுந்துவிட்டது. அடுத்த பருவம் முழுவதும் களம் காணவில்லை. அவர் கதை முடிந்தது என்று பலர் கணக்கை மூடிவிட்டார்கள். அவரோ 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்தார். யோக்கஹாமாவில் ஜெர்மனியோடு நடந்த இறுதி ஆட்டத்தில் விழுந்த இரண்டு கோல்களும் அவருடையவையே. கணக்கை மூடியவர்களும் சேர்ந்து குதித்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கோப்பையைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். நமக்கோ அந்த இடைப்பட்ட மாதங்களே பெரிதாகப் படுகின்றன. விழுந்தபோது அந்த இளைஞருக்கு வயது 23. கோப்பை கிட்டாமற் போயிருந்தால் அவர் பட்ட வலியின் மதிப்புக் குறைந்திருக்குமா?

நிற்க. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய ஹக்குகளில் ஒன்று. அது மார்க்கச் சகோதரனோடு முடிந்துவிடுவதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் ஒருவன் நோயில் விழுந்தபோது, அவர்களே சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். அவன் ஈடேற்றத்தை நாடிப் போனார்கள். வேலைக்கு எப்போது வருவான் என்று பார்த்துவர அல்ல.

ஆகவே, நம் அணி ஆட்டக்காரருக்கு ஷிஃபாவைக் கேட்கும் நாவு, எதிரணிக்காரரின் முழங்காலுக்கும் கேட்க வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் நாம் கேட்டது கோலை, குணத்தை அல்ல. வியாபாரத்திலும் இப்படித்தான். எதிர்க்கடைக்காரர் படுக்கையில் கிடக்கும்போது அவருடைய வாடிக்கையாளர்கள் நம் பக்கம் வருகிறார்கள். அந்த நேரத்தில் போய் நலம் விசாரிப்பது சுலபமன்று. போய், 'கடையை எப்போது திறப்பீர்கள்?' என்று கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்!

சிப்பந்தியிடம் அப்படிக் கேட்காமல் தீராது. அரிசி மூட்டை தானாக நகராது. நாளைக்கு ஆள் உண்டா இல்லையா என்று பார்ப்பதைக் குற்றம் என்போர் கடை வைத்துப் பார்த்ததில்லை. ஆனால், 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்காமல், 'எப்போது வருவாய்?' என்று மட்டும் கேட்டால், வேலை போய்விடுமோ என்று அஞ்சி, 'சரியாகிவிட்டது, முதலாளி' என்பான். பள்ளியில் அவன் நாற்காலி போட்டுத் தொழுவதைக் கண்ட பிறகுதான் உண்மை தெரியும். ஆட்டக்காரருக்காவது ஒப்பந்தமும் வைத்தியர் கூட்டமும் உண்டு. நாள் முழுவதும் நின்று, ஏணி ஏறி இறங்குகிறவனுக்கு முதலாளியின் விசாரிப்பைத் தவிர வேறென்ன உண்டு?

ஓர் ஆட்டக்காரரின் முழங்காலைப் பற்றி மணிக்கொரு தரம் செய்தி பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம், 'உங்கள் கடையில் ஏணி ஏறுகிறவருக்கு எந்தக் காலில் வலி?' என்று கேட்டோம். யோசித்தபடியே போனார். மறுநாள் வந்து, 'இரண்டிலுந்தானாம்' என்றார்.