காத்திருப்புக்கு யார் கூலி கொடுப்பது?

வேலை உள்ளவர், வேலை இல்லாதவர் என மக்களை இரு கூறாகப் பிரித்துப் பார்ப்பது கணக்கெடுப்போரின் வழக்கம். நம் நாட்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட வாரத்தில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமேனும் உழைத்தவர், அந்த வார நிலவரப்படி வேலை உள்ளவராகவே எண்ணப்படுவார். பிற நாடுகளோடு ஒப்பிட வசதியாக வகுக்கப்பட்ட விதி அது, அதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் மீதி ஆறு நாளும் அவர் எங்கே நின்றார், யார் அழைப்பாரென்று எதிர்பார்த்தார் என்பதை அது கேட்பதில்லை. தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்த மீதி நாள்களே பெரிய செய்தி.

நம்முடையது வானம் பார்த்த பூமி. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி, காரிமங்கலத்துப் பக்கம் மா, மாசி பங்குனியில் எங்கும் புளி. ஒவ்வொன்றுக்கும் சில வாரங்கள் கை நிறைய வேலை, அதன்பின் வெறுங்கை. வெறுங்கையோடு இருப்பவர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பேருந்து ஏறுகிறார். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 2008இல் நம் மாவட்டத்திற்கு வந்தது. ஆண்டுக்கு 100 நாள் வேலை என்பது பல குடும்பங்களுக்கு உலை வைக்க உதவியது. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று வேறொரு சட்டம் நிறைவேறியது. இரண்டுமே ஊரகத்திற்கு மட்டும். தருமபுரி நகர எல்லைக்குள் குடியிருக்கும் சித்தாளுக்கு அவற்றில் பங்கில்லை. 2022இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சில நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் மாநகராட்சி மண்டலங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். என்றாலும் கால்வாய் தூர்வாருதல், மரம் நடுதல் என அரசே தரும் வேலை அது. ஊரில் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் வேலையையும், அதைத் தேடும் கைகளையும் இணைப்பது அதன் நோக்கமன்று.

இந்த இணைப்பு ஏன் தேவை என்பதற்கு ஒரு தாயைக் குறிப்பிடுகிறேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். காலை பத்து மணிமுதல் மூன்று மணிவரை, வாரத்தில் நான்கு நாள், இந்தப் பெண்ணால் வெளியே வர முடியும். தொழிற்சாலை வண்டியோ விடியுமுன்னே வந்து இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புளியில் கொட்டை எடுக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று மண்டிக்காரர் கணக்குப் பார்க்கிறார். "அஞ்சு மணி நேரம் யாராச்சும் வேலை குடுத்தாப் போதும் சாமி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் ஒருமுறை. நிரந்தர வேலையை அவர் கேட்கவில்லை. தம்மிடம் இருக்கும் ஐந்து மணி நேரத்திற்கு மதிப்புண்டா என்றுதான் கேட்டார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இக்கேள்விக்கு விடையில்லை. காலிப் பணியிடங்களை அறிவிக்கச் செய்து, 2025 வரை நடப்பிலிருந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் 'பணியிடம்' என்ற ஒன்றையே அறிந்திருந்தது. 'ஐந்து மணி நேரம்' என்பது அதன் ஏட்டில் ஏறவில்லை. மணிக்கணக்கான வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மேஸ்திரி, அல்லது தரகர். இப்போது அவர்களோடு கைப்பேசிச் செயலியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாங் பீச் என்னும் நகரில், அந்நகரத்தின் வேலைவாய்ப்பு அமைப்பே இத்தகைய பொதுத்தளம் ஒன்றை நடத்திப் பார்த்தது. எந்த நாளில் எந்த நேரத்தில் வர இயலும் என்பதை உழைப்பவரே பதிந்து வைப்பார். ஆள் தேவைப்படுவோர் அதைப் பார்த்து அழைப்பர். நம் நகராட்சிகளும் இதைச் செய்யலாமே என்று படித்த இளைஞர் சிலர் சொல்கிறார்கள். செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஓர் அறவியல் கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

நெகிழ்வான வேலை என்கிறோம். அழகான சொல். நம் அகப்பாடல்களில் நெகிழ்வது தலைவியின் கைவளை. காத்திருந்து காத்திருந்து உடல் மெலிந்ததால் நெகிழ்கிறது. இன்றைய நெகிழ்விலும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது: காத்திருப்பவர் யார், மெலிபவர் யார்? உணவு கொண்டுவரும் இளைஞர் கடை வாசலில் நிற்கும் அரைமணி நேரம் யாருடையது? அந்த அரைமணி நேரம் அங்கே அவர் நிற்பதால்தானே, நாம் அழைத்தவுடன் உணவு வருகிறது? அவர் நிற்பதன் பயனை நாம் நுகர்கிறோம், நிறுவனம் நுகர்கிறது. அதன் செலவை மட்டும் அவர் தனியே சுமக்கிறார்.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இறைவனின் அளவற்ற தாராளத்தைப் பற்றியே மறையுரைகள் பேசும், அது சரியே. ஆயினும் உவமை நடப்பது ஒரு கூலிச் சந்தையில் என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்கும் அங்கே ஆள் நிற்கிறது. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் சொன்ன மறுமொழி. சோம்பேறி காலையிலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பான். நிலக்கிழார் அவர்களுக்கும் ஒரு தெனாரியம் கொடுத்தார். ஒரு மணி நேர உழைப்பின் விலையாக அதைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு என்றும், நாளெல்லாம் நின்ற நிற்பும் அதில் அடங்கும் என்றும் பார்த்தால் இடிக்காது. விரிவுரையாளர் எல்லாரும் இதை ஒப்பமாட்டார்கள். நான் இப்படியே வாசிக்கிறேன்.

ஆனால் அது ஒரு நல்ல மனிதரின் ஒருநாள் ஈகை. மறுநாள் காலை என்ன செய்வது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை இருந்தது, பலர் மறந்துவிட்டனர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்பதே ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர் நிலை. வாயிலில் கூட்டமாக நிற்பார்கள். வேண்டியவரை மேஸ்திரி பொறுக்குவார். பொறுக்கப்பட அவருக்குக் கையூட்டும் தர வேண்டும். துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் வந்தது. 1950களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. தொழிலாளர் பெயர்கள் பதியப்பட்டன. முறைவைத்து வேலை தரப்பட்டது. கப்பல் வராத நாளிலும், வந்து நின்றவருக்கு வருகைப்படி என ஒரு தொகை கிடைத்தது. மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறையாமல் ஊதியம் என்ற உறுதியும் இருந்தது. வேலை நெகிழ்வாகவே இருந்தது, ஏனெனில் கப்பல் யார் சொல்லியும் வருவதில்லை. காத்திருப்பின் செலவு மட்டும் இடம் மாறியது. அதைத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்தியவர்கள் வாரியத்தின் வழியாகச் செலுத்தினார்கள். பின்னாளில் சரக்குப் பெட்டகங்கள் வந்தன. ஆள் தேவை குறைந்தது. 1997இன் சட்டம் ஒன்று அவ்வாரியங்கள் துறைமுகங்களோடு இணைய வழிசெய்தது. மகாராட்டிரத்தில் 1969இல் வந்த சுமைதூக்குவோர் சட்டமும் இதே வழியில் வாரியங்களை உண்டாக்கியது.

நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே 'வேலை ஒழுங்குபடுத்துதல்' என்ற சொற்கள் இருக்கின்றன. அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பிறந்தது; 2023இல் செயலிவழி வேலை செய்வோருக்கும் ஒரு வாரியம் அமைந்தது. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து இழப்பீடு, ஈமச்சடங்குச் செலவு எல்லாம் வாரியங்கள் தருகின்றன. வேலையை ஒழுங்குபடுத்தும் பகுதி தாளிலேயே தங்கிவிட்டது. இறந்தவருக்கு உதவித்தொகை உண்டு. வேலையின்றித் திரும்பியவருக்கு ஒன்றுமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் சுமைப்பணியாளருக்கு 1978இல் சட்டம் வந்தது, வாரியம் வந்தது. கூடவே 'நோக்குகூலி'யும் வந்தது. சொந்தக்காரரே தம் பொருளை இறக்கினாலும், பார்த்து நின்றவருக்குப் பணம் தர வேண்டும் என்ற அடாவடி. 2018 மே முதல் நாளிலிருந்து அம்மாநில அரசே அதைத் தடைசெய்தது. காத்திருப்புக்கு மதிப்பு என்பது மிரட்டலுக்கு விலையாக மாறிய கதை அது. பெயர்ப்பதிவு சிலருடைய தனியுரிமை ஆகிவிட்டால், வெளியே நிற்கும் புதியவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். நகராட்சித் தளம் ஒன்று வந்தாலும், வார்டு பிரமுகரின் உறவினர் பெயர்கள் மட்டும் மேலே மிதக்கும் நிலை நம் ஊரில் வராது என்று யாரும் பத்திரம் எழுதித்தர மாட்டார்கள். ஆகவே முறைவரிசை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்; கைப்பேசி இல்லாத மூதாட்டியும் தம் பெயர் எத்தனையாவது என்று கேட்டறிய ஓர் ஆள் வேண்டும்.

செலவை ஏன் பொதுமக்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் 'மறைமுக முதலாளி' என்ற கருத்தை விளக்குகிறார். நேரே கூலி கொடுப்பவர் மட்டும் முதலாளி அல்லர். அவர் எவ்வளவு கொடுக்கலாம், எப்படி நடத்தலாம் என்பதை முடிவுசெய்யும் சட்டங்கள், அமைப்புகள், அரசு ஆகியவையும் அப்பொறுப்பில் பங்குடையவை. இந்தக் கண்ணோட்டத்தில் நகராட்சியும் ஒரு முதலாளியே. சந்தைக்கு இடம் கொடுத்துச் சுங்கம் வாங்கும் நகராட்சி, ஆள் சந்தைக்கு மட்டும் தெருமுனையைக் காட்டுவது எவ்வகையில் நியாயம்? பணம் திரட்டும் வழியும் புதிதன்று. கட்டடம் கட்டுவோரிடம் அதன் மதிப்பில் 1 விழுக்காடு தொழிலாளர் நலநிதியாக ஏற்கெனவே வாங்கப்படுகிறது. வரைபட ஒப்புதலோடு அதைக் கட்டிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம். அத்தகைய நிதியில் ஒரு பகுதி வருகைப்படிக்குச் சென்றால் எவருடைய வீடும் கட்டாமல் நின்றுவிடாது.

நிரந்தர வேலையைத் தராமல் தப்பிக்க இது ஒரு சூழ்ச்சி என்று தொழிற்சங்க நண்பர்கள் ஐயுறுவது எனக்குப் புரிகிறது. ஆண்டு முழுதும் நடக்கும் வேலைக்கு நாள்தோறும் புது ஆளை எடுப்பது சூழ்ச்சிதான். அதைத் தளம் அனுமதிக்கலாகாது. மேலே சொன்ன தாயின் ஐந்து மணி நேரம் அப்படிப்பட்டதன்று. அவருடைய வாழ்க்கைதான் அந்த நேரத்தை வகுத்தது. வேலை அவருக்கேற்ப வளைய வேண்டும் என்பதே அவர் கேட்பது.

நகராட்சி முன்வரும்வரை நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நாமும் ஆள் வைக்கிறோம்: வீடு வெள்ளையடிக்க, கிணறு தூர்வார, திருவிழாவுக்குப் பந்தல் போட. காலை எட்டு மணிக்கு வரச்சொன்ன இரண்டு சித்தாள்கள் பேருந்துக்குக் காசு கொடுத்து வந்து நிற்கிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது, மணல் வண்டி வரவில்லை, மேஸ்திரி கையை விரிக்கிறார். "இன்னைக்கு வேல இல்ல, நாளைக்கு வாங்கம்மா" என்று உள்ளிருந்து சொல்கிறோம். அரை நாள் கூலியும் பேருந்துக் காசும் அவர்கள் கையில் வைத்து அனுப்பும் வழக்கம் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது?